ஐஆர் சென்சார்: வகுப்புக்கு எதை வாங்கலாம்?

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லித்தர அகச்சிவப்புச் சென்சார் தோதான பொருள். ஆனால் கடையில் போய் ‘ஐஆர் சென்சார்’ என்று கேட்டால் நான்கைந்து வகை எடுத்து வைப்பார்கள். மல்டிமீட்டர் முனையை வைத்துத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைக்கு அதில் ஏதாவது இருக்கிறதா என்பதே என் அளவுகோல்.

அப்படிப் பார்த்தால் முதலிடம், உதிரியாக விற்கும் ஐஆர் எல்இடி, போட்டோடையோடு ஜோடிக்கு. 5 வோல்ட்டில் எல்இடிக்கு 220 ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஏறக்குறைய 17 மில்லிஆம்பியர் ஓடும். எல்இடியிலேயே 1.2 வோல்ட் போய்விடும் என்று மட்டும் சொல்லிவிட்டு, கணக்கை அவர்களிடம் விடுங்கள். எரிகிறதா என்று செல்போன் கேமராவில் பார்க்கலாம், ஊதாவாக மினுங்கும். (பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் பாருங்கள்.) போட்டோடையோடின் கேத்தோடைப் பிளஸ் பக்கம் வைத்து, மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் கொடுத்து, இரண்டும் சேரும் இடத்தில் மீட்டரை வையுங்கள். உள்ளங்கை நெருங்க நெருங்க வோல்ட் ஏறும். வெள்ளைத் தாளுக்கு ஓர் அளவு, கறுப்பு சார்ட்டுக்கு வேறு அளவு. வெயில் விழும் சன்னலைத் திறந்தால் கை நீட்டாமலே ஏறிவிடும். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நீலத் திருகு வைத்த மூன்று கால் மாட்யூலில் இருப்பதும் இதே சர்க்யூட்தான், கூடவே ஒரு கம்பரேட்டர். வேலை சட்டென்று முடியும், பாடமும் சட்டென்று முடிந்துவிடும். இருப்பது ஒரே பீரியட் என்றால் அதையே வாங்குங்கள், தப்பில்லை. டிசிஆர்டி5000 சில மில்லிமீட்டர் தூரத்துக்குத்தான் சரிவரும். கோட்டைப் பின்பற்றும் வண்டிக்கு அதை வையுங்கள். 1738 ரிசீவர் 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் ஒளியை மட்டுமே கண்டுகொள்ளும், ரிமோட் பாடத்துக்கு. பிஐஆர் எந்த ஒளியையும் அனுப்புவதில்லை, நகரும் உடல் வெப்பத்தைக் கவனிக்கிறது. பெயரில் ஐஆர் இருக்கிறதே என்று இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

சென்சார் கண்டதை எண்ணிக் காட்டும் டிஸ்ப்ளே விஷயத்தில் ஆசிரியர்கள் ஓஎல்இடியில் மயங்கிவிடுகிறார்கள். அழகுதான். ஆனால் 128×64 புள்ளிகளுக்கு வழக்கமான லைப்ரரி 1 கிலோபைட் ரேம் எடுத்துக்கொள்ளும். ஆர்டுயினோ ஊனோ ஆர்3-இல் மொத்தமே 2 கிலோபைட். போதாததற்குப் பிள்ளை கற்பது புரோகிராமிங், எலெக்ட்ரானிக்ஸ் அல்ல. 16×2 எல்சிடியும் அந்த ரகம்தான். கான்ட்ராஸ்ட் திருகைச் சரியாக வைக்காததால் வெறும் கட்டங்களாகத் தெரிய, கோடில் தப்பு தேடியே பீரியட் போய்விடும்.

என் ஓட்டு காமன் கேத்தோடு செவன் செக்மென்ட்டுக்கும் சிடி4026 ஐசிக்கும். கம்ப்யூட்டரே வேண்டாம்; ஒன்றாம் காலில் ஒரு துடிப்பு வந்தால் எண் ஒன்று ஏறும். ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் 330 ஓம் போடுங்கள். 5 வோல்ட்டில் வெளிச்சம் சற்று மங்கல், வகுப்பறைக்குப் போதும். ரீசெட் கால் 15-ஐ கிரவுண்டில் சேர்க்க மறந்தால், விரலைக் கிட்டே கொண்டுபோனாலே எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். வேண்டுமென்றே ஒருமுறை மறக்கவிடுங்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. பெரும்பாலான மாட்யூல்கள் கை தெரிந்தால் அவுட்புட்டை இறக்கிவிடும்; 4026-ஓ மின்னழுத்தம் ஏறும்போது எண்ணும். அதனால் கை வந்தால் எண் மாறாது, விலகினால்தான் மாறும். ‘ஏன் சார்?’ என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்லாமல் அவுட்புட்டில் மீட்டரை வைக்கச் சொல்லுங்கள். உதிரிப் பாகங்களில் எல்எம்393 கம்பரேட்டரைக் கொண்டு கட்டியிருந்தால் இன்னும் வசதி: பிளஸ், மைனஸ் இன்புட்டை மாற்றிப் போட்டதும் கை வரும்போதே எண் ஏறும். அவுட்புட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் கொடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அந்த ஐசியின் அவுட்புட் மேலே ஏறவே ஏறாது.

பணம் போதவில்லையென்றால் டிஸ்ப்ளே எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, நான்கு பேருக்கு ஒரு மல்டிமீட்டராவது வாங்கிவிடுங்கள்.