வயலின் நடுவே மனைக்கல்

பருவம் பொய்க்காத ஆண்டுகளில் ஜூன் மாதம் பிறந்ததும் முல்லைப் பெரியாற்றிலிருந்து முதல் போகத்திற்குத் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். அப்போது வெளியாகும் அறிவிப்பில் ஓர் எண் தவறாமல் இடம் பெறும். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக ஆயக்கட்டு 14,707 ஏக்கர் என்பதே அது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் ஆற்றின் இரு மருங்கிலும் பரந்துள்ள நன்செய் இது. ஆண்டுகள் பல சென்றும் இந்த எண் மாறவில்லை. ஆனால் சின்னமனூரிலிருந்து கம்பத்திற்குப் பேருந்தில் செல்பவர் சன்னலோரம் அமர்ந்து பார்த்தால், நெல் வயல்களுக்கிடையே வெள்ளையடித்த மனைக்கற்கள் நிற்கக் காண்பார். ஏட்டில் உள்ள ஏக்கரும் நிலத்தில் உள்ள ஏக்கரும் ஒன்றுதானா என்பதே இம்மாதப் பாடம்.

இந்தத் தண்ணீர் எளிதில் வந்ததன்று. 1886-ஆம் ஆண்டில் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஏற்பட்டது. பென்னிகுயிக் என்னும் பொறியாளர் எழுப்பிய அணை 1895-இல் நிறைவேறிற்று. மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அணையில் 142 அடி வரையில் நீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டு மே மாதம் தீர்ப்பளித்தபோது நம் ஊர்களில் எத்தகைய மகிழ்ச்சி நிலவியது என்பதை அங்கத்தினர் மறந்திருக்கமாட்டார்கள். அடி அடியாக வழக்காடிப் பெற்ற தண்ணீர் வந்து பாய வேண்டிய நிலத்தையோ, நாமே சென்டு சென்டாக அளந்து விற்றுக்கொண்டிருக்கிறோம்.

விற்பவரைப் பேராசைக்காரர் என்று ஏசுவது எமக்கு உடன்பாடன்று. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. உரத்தின் விலை ஏறுகிறது. மகளின் திருமணமும் மகனின் கல்லூரிக் கட்டணமும் ஒரே ஆண்டில் வந்து நிற்கின்றன. 2023-இல் போடிக்கு அகலப் பாதையில் இரயில் வந்த பிறகு சாலையோர நிலத்தைக் கேட்டு வருவோரும் பெருகினர். வீடற்றவருக்கு வீடும் வேண்டும். நம் நெசவாளர் அங்கத்தினரில் பலர் தறி போடப் போதிய இடமின்றி வாடகை வீட்டில் இடர்ப்படுகின்றனர். ஆகவே வீடு கட்டுவது கூடாது என்பது எம் வாதமன்று. எந்த நிலத்தில் கட்டுவது என்பதே கேள்வி.

ஒரு மடையின் கீழ்ப் பத்துப் பேருக்குத் தலைக்கு ஓர் ஏக்கர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் நன்செய்யில் பல இடங்களில் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயலின் வாமடை வழியாகவே கீழ் வயலுக்கு நீர் இறங்கும். மிகுந்த நீர் வடிவதும் அவ்வழியே. மூன்றாம் வயல்காரர் தம் நிலத்தை மனைக்கு விற்கிறார். வாங்கியவர் கிராவல் மண் கொட்டி மூன்றடி உயர்த்துகிறார். நான்கு முதல் பத்து வரையுள்ள வயல்களுக்கு நீர் வரும் வழி அடைபடுகிறது. மேலே உள்ள முதல் இரு வயல்களில் நீர் வடியாமல் தேங்கிப் பயிர் அழுகுகிறது. அறுவடை இயந்திரம் செல்லும் பாதையும் போயிற்று. இரண்டு போகம் பார்த்த பின் ஐந்தாம் வயல்காரரும் அதே தரகரை அழைக்கிறார். அவர் விருப்பத்துடன் விற்றார் என்றே பத்திரம் கூறும். ஒருவர் விற்றார், மற்றவர்கள் விற்கவைக்கப்பட்டார்கள் என்பதே உண்மை.

நெசவாளருக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஆண்டிபட்டியை அடுத்த ஜக்கம்பட்டி போன்ற நெசவு ஊர்களில் பாவை நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்த நீண்ட தெரு வேண்டும். அந்தத் தெரு எவருடைய பட்டாவிலும் இல்லை. எல்லாருடைய தொழிலும் அதில் நடக்கிறது. உழவருக்கு வாய்க்கால் எப்படியோ நெசவாளருக்குத் தெரு அப்படி.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டு நகர், ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டினது. விளைநிலங்கள் அங்கீகாரமின்றி மனைகளாகப் பிரிக்கப்படுவது குறித்து 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையான தடை விதித்தது. அவ்வாண்டு அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விளைநிலத்தை வேறு உபயோகத்திற்கு மாற்றுவதற்கும் அதே ஆண்டில் தனி விதிகள் ஏற்பட்டன. இவற்றைக் கொண்டு, "அங்கீகாரம் பெற்ற மனையாயிற்றே, குறையென்ன?" என்று வாதிப்போர் உளர். அங்கீகாரம் என்பது சாலையின் அகலம் முதலியவற்றைச் சரிபார்த்ததற்குச் சான்று. கீழ் வயலுக்கு நீர் இறங்கிய பழைய வாமடை எவர் வரைபடத்திலும் குறிக்கப்படாதிருந்தால், அதிகாரி அதை எங்ஙனம் அறிவார்?

குமுளிக்கு அப்பால் கேரளத்தில் 2008-இல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றினார்கள். அங்கே உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவில் ஊராட்சித் தலைவரோடும் வேளாண்மை அதிகாரியோடும் விவசாயிகளின் பிரதிநிதிகளும் அமர்கின்றனர். அச்சட்டத்திலும் பிற்காலத்தில் தளர்வுகள் புகுந்தன. ஆயினும் வயலைப் பற்றிய முடிவில் வயல்காரருக்கு ஓர் இருக்கை உண்டு என்ற கொள்கை நமக்கு உகந்ததே.

நம்மிடமும் கருவிகள் இல்லாமலில்லை. 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் உள்ளன. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என்பது ஏற்பாடு. அவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமாகும். மனைப்பிரிவு வந்த பின் மறியல் செய்வதைவிட, வருவதற்கு முன்பே ஒவ்வொரு மடையின் கீழும் உள்ள நீர்வழி, வடிகால், வண்டிப்பாதை ஆகியவற்றைச் சர்வே எண்ணுடன் எழுதிக் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, அதன் பிரதியை நீர்வளத் துறைக்கும் ஆட்சியருக்கும் நகர், ஊரமைப்பு அலுவலகத்திற்கும் அனுப்பிவைப்பது பயன் தரும். நெசவாளர் தங்கள் பாவுத் தெருவையும் அதில் சேர்க்கலாம். இத்தீர்மானம் ஒன்றே விற்பனையைத் தடுத்துவிடாது. ஆனால் வரைபடத்தில் கையொப்பமிடும் அதிகாரி, "எனக்குத் தெரியாது" என்று பிறகு கூற இயலாது.

அடுத்த பாடக் கூட்டத்திற்கு வரும் அங்கத்தினர் தத்தம் புலப்படப் பிரதியைக் கையோடு கொண்டுவருவாராக. வாமடைகளைச் சிவப்பு மையால் குறிக்கும் வேலையை அங்கேயே தொடங்குவோம். பழைய நீர்ப்பாய்ச்சிகள் எவரேனும் ஊரில் இருந்தால் அவர்களையும் அழைத்து வருக. படத்தில் இல்லாதவை அவர்களுக்கே தெரியும்.