நகையும் அச்சமும் பிறக்கும் ஒரு முகம்

கோமாளி மேடையேறியதும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவர்களுள் ஒருவன் கைகொட்டிச் சிரிக்கிறான். அவனுக்கு அடுத்திருப்பவன் வீறிட்டழுது தாயின் முந்தானைக்குள் முகம் புதைக்கிறான். இருவரும் கண்டது ஒரே முகம், ஒரே ஆட்டம். ஒரே காட்சி இருவேறு மெய்ப்பாடுகளைத் தோற்றுவிப்பது எவ்வாறு? சிரித்தவன் துணிந்தவன், அழுதவன் பயந்தாங்கொள்ளி என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அழுத பிள்ளையோடு அப்பெயர் நெடுநாள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அத்தீர்ப்புப் பொருந்துமா என்பதைத் தமிழிலக்கணத்தின் துணைகொண்டும், இக்கால உளவியலார் கண்டவற்றைக் கொண்டும், ஆலங்குடிப் பகுதியின் இரவு நாடக மேடையைக் கொண்டும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தொல்காப்பியர் காட்டும் வழி

தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல், மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றற்கும் நந்நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறது. எட்டனுள் முதலாவது நகை. எள்ளலும் இளமையும், அவற்றோடு பேதைமையும் மடனும் நகை பிறக்கும் இடங்களாம். கோமாளியிடம் இந்நான்கும் குறைவின்றி உண்டு. பிறரை எள்ளுகிறான்; பிள்ளைபோல் மழலை பேசுகிறான்; ஒன்றை மற்றொன்றாகக் கருதி ஏமாறுகிறான்; சொன்னதையே பிடித்துக்கொண்டு விடமறுக்கிறான். ஆகவே அவனைக் கண்டு நகைப்பதற்குக் காரணம் தேட வேண்டுவதில்லை.

அச்சத்தின் நிலைக்களன்களோ வேறு. அணங்கு, விலங்கு, கள்வர், தமக்கு இறைவராயினார் என்பன அவை. கோமாளி விலங்கல்லன், கள்வனல்லன், அரசனுமல்லன். எஞ்சுவது அணங்கு ஒன்றே. பேயும் பூதமும் போல மனிதவுருவை ஒத்தும் மனிதரல்லாதவையாக நிற்கும் வடிவங்களை உரையாசிரியர்கள் இதனுள் அடக்குவர். அழும் சிறுவன் கோமாளியிடம் காண்பது அதுவேயாதல் வேண்டும்.

இவ்விரண்டற்கும் இடையில் மற்றொரு மெய்ப்பாடு நிற்கிறது. அதுவே மருட்கை, அதாவது வியப்பு. புதுமையும் பெருமையும் சிறுமையும் ஆக்கமும் அதன் நிலைக்களன்கள். ஆக்கம் என்பதற்கு ஒன்று மற்றொன்றாகத் திரிதல் என உரை காண்பர். கோமாளியின் வேடத்தை உறுப்புறுப்பாகப் பிரித்து நோக்கின் இந்நான்கும் புலப்படும். அன்றாடம் காணாத முகம் புதுமை. அளவிற்பெரிய காலணி பெருமை. தலையில் ஒட்டாத குட்டித் தொப்பி சிறுமை. மனிதமுகம் பொம்மைமுகமாய் மாறியது ஆக்கம். உரையாசிரியர்கள் சர்க்கஸ் கூடாரத்தைக் கண்டவர்களல்லர். ஆயினும் கோமாளியின் இலக்கணம் அவர்கள் உரைக்குள் அடங்கிக் கிடக்கிறது.

ஆகவே கோமாளி முதற்கண் நகைப்பொருளும் அல்லன், அச்சப்பொருளும் அல்லன். மருட்கைப் பொருளே ஆவன். அம்மருட்கை நகையாக முதிர்வதும் அச்சமாகத் திரிவதும் அதன் பின் நிகழ்வன. மருள் என்னும் சொல்லே இதற்குச் சான்று. வியப்பைக் குறிக்கும் அதே அடியிலிருந்தன்றோ மானின் மருண்ட நோக்கையும் கூறுகிறோம்!

பூச்சும் பொம்மையும்

புதிதாகக் கட்டப்படும் வீட்டின் முகப்பில் திருஷ்டிப் பொம்மை தொங்குகிறது. உருண்ட விழி, முறுக்கிய மீசை, வெளியே நீட்டிய நாக்கு, வரிசையாகத் தெரியும் பற்கள். கண்ணேறு கழிக்க அஞ்சத்தக்கதாக வரையப்பட்ட அம்முகத்தைப் பார்த்து வழிப்போக்கர் பலர் சிரித்துக்கொண்டே செல்வர். மாலை மங்கிய பொழுதில் அவ்வழியே தனியே வரும் சிறுவனுக்கு அதே முகம் சிரிப்பூட்டுவதில்லை. முகம் மாறவில்லை, ஒளியும் துணையும் மாறியுள்ளன.

சோறுண்ண மறுக்கும் குழந்தைக்குத் தமிழ்த்தாய்மார் காட்டும் பூச்சாண்டியும் ஈண்டு எண்ணத்தக்கவன். இச்சொல்லைப் பூச்சு, ஆண்டி எனப் பிரித்து, மேனி முழுதும் பூச்சுப் பூசி வருபவன் எனப் பொருள் கொள்வாருண்டு. அப்பொருளே கொள்ளின், பூசிய முகம் பிள்ளைக்கு அச்சந்தரும் என்பதை நம் மொழி நெடுங்காலமாக அறிந்து வைத்துள்ளது எனலாம். பூச்சாண்டியை அழைத்துச் சோறூட்டிய வீடே, அக்குழந்தை பின்னொருநாள் கோமாளியைக் கண்டு அழும்போது அதனை எள்ளி நகையாடுவது முறையாகத் தோன்றவில்லை. பூசிய முகத்துக்கு அஞ்சும்படி பழக்கியவர் யார்?

ஆலங்குடி வட்டத்துக் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோவிலின் முன் ஏறத்தாழ 33 அடி உயரக் குதிரைச் சிலை நிற்கிறது. மாசிமகத் திருவிழாவில் அதற்குக் காகித மாலைகள் குவிகின்றன. பெருமையால் வரும் மருட்கைக்கு இதனினும் சிறந்த சான்று அருகில் இல்லை. தந்தையின் தோளிலிருந்து அண்ணாந்து பார்க்கும் குழந்தை வாய்பிளந்து வியக்கிறது. அதே குழந்தையைத் தோளிலிருந்து இறக்கிக் குதிரையின் காலடியில் தனியே நிறுத்தினால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

உளவியலார் கண்டவை

ஆக்கம் என்னும் நிலைக்களன் குழந்தைகளை எத்துணை ஆழமாகத் தாக்குகிறது என்பதை ரீட்டா டி விரீஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1969இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. மேனார்டு என்னும் சாதுவான பூனையை மூன்று முதல் ஆறு அகவையுள்ள குழந்தைகளுக்குக் காட்டிப் பழகச் செய்தார். பின்னர் அவர்கள் கண்ணெதிரே பூனையின் உடலைக் காட்டியவாறே, அதன் முகத்தில் கொடிய நாயின் முகமூடியை மாட்டினார். மூன்று அகவைக் குழந்தைகள் பலர் பூனை நாயாகவே மாறிவிட்டது என நம்பினர். ஆறு அகவையினரோ, முகமூடி அணிந்தாலும் அது பூனையே எனத் தெளிந்திருந்தனர். முகம் மாறினால் ஆளே மாறிவிடுவான் என்று கருதும் பருவம் ஒன்று உண்டு என்பது இதனாற் பெறப்படும். அப்பருவத்துப் பிள்ளை கோமாளியைக் கண்டு அழுவது கோழைமையன்று; அதன் அறிவுக்கு எட்டிய முறையில் அது சரியாகவே முடிவு செய்துள்ளது.

வளர்ந்தோரிடத்தும் இவ்வச்சம் உண்டு. சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 64 நாடுகளைச் சேர்ந்த 987 பேரிடம் வினவி 2023இல் வெளியிட்ட ஆய்வில், 53.5 விழுக்காட்டினர் கோமாளிகளிடம் ஓரளவேனும் அச்சம் உண்டு என்றனர். மிகுந்த அச்சம் உடையோர் 5 விழுக்காட்டினர். காரணங்களுள் தலையாயது, பூச்சினால் முகக்குறிப்பு மறைந்துவிடுகிறது என்பது. வரைந்த புன்னகை எப்போதும் புன்னகைத்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே இருப்பவன் சினந்தாலும் அது மாறுவதில்லை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று பழகிய நமக்கு, தெரிய மறுக்கும் முகம் இடர்ப்பாடே. கோமாளியால் நேரில் துன்புற்றதாகக் கூறியோர் மிகச் சிலர் என்பதும் நோக்கத்தக்கது.

மருத்துவமனைகளைப் பற்றிய இரண்டு ஆய்வுகள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 4 முதல் 16 அகவை வரையுள்ள ஏறத்தாழ 250 சிறாரைக் கேட்டபோது, மருத்துவமனைச் சுவர்களில் கோமாளிப் படங்களை அவர்கள் விரும்பவில்லை என 2008இல் தெரிவித்தனர். ஆனால் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் அறுவை மருத்துவத்துக்குக் காத்திருந்த 40 சிறாரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரோடு கோமாளிகளும் உடனிருந்த சிறாருக்குக் கலக்கம் குறைந்திருந்தது. கோமாளிகள் தங்கள் பணிக்கு இடையூறு என மருத்துவமனைப் பணியாளர் பலர் முறையிட்டனர் என்பது வேறு செய்தி! படமும் கோமாளிதான், ஆளும் கோமாளிதான். படம் மறுமொழி கூறாது. குழந்தை முகம் சுளித்தாலும் அது சிரித்தபடியே இருக்கும். ஆளோ குழந்தையின் கண்ணைப் பார்த்துத் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்கிறான். மருட்கை நகையாவதற்கு வேண்டுவது இந்த மறுமொழியே.

ஆலங்குடிப் பகுதி மேடையும் பபூனும்

இவ்வுண்மையை நூல் வழியன்றித் தொழில் வழி அறிந்தவர்கள் இசைநாடகத்துப் பபூன்கள். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்களின் கோவில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் நடைபெறுவது நெடுநாளைய வழக்கம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்தளித்த நாடக மரபு இது. சுவாமிகள் புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியாப் பிள்ளையோடு நெருங்கிய இசைத்தொடர்பு உடையவர்; ஆகவே இம்மரபில் இம்மாவட்டத்துக்குத் தனியுரிமை உண்டு என்று கூறினும் மிகையன்று. வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அமர்த்தப்பட்ட கலைஞர்கள் ஒத்திகையின்றி ஒரே மேடையில் கூடி, வள்ளி திருமணத்தையோ பவளக்கொடியையோ விடியும்வரை நடத்துவர்.

ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வருவதற்கு நெடுநேரம் முன்பே மேடைக்கு வருபவர் பபூன். அவர் வரும் முறை கருதத்தக்கது. பாடிக்கொண்டு வருகிறார், சபைக்கு வணக்கம் சொல்கிறார், பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறார், மிருதங்கக்காரரோடும் ஆர்மோனியக்காரரோடும் வாயாடுகிறார். அவர் குரல் மனிதக்குரல், பேச்சு ஊர்ப்பேச்சு. ஐரோப்பியக் கோமாளியைப் போல முகம் முழுவதும் வெள்ளைப் பூச்சால் மறைப்பது பெரும்பாலும் இங்கு வழக்கமில்லை. பிள்ளைகள் மேடையின் விளிம்பை ஒட்டியே சாக்கு விரித்து அமர்ந்திருக்க, முகத்தைப் பெரிதாக எழுதிக்காட்ட வேண்டிய தேவையும் இல்லை.

இலண்டன் நகரத்து ஜோசப் கிரிமால்டி (1778–1837) வகுத்த பூச்சோ பெரிய அரங்குக்கு உரியது. முகம் முழுதும் வெண்மை தீட்டி, கன்னங்களில் செம்மை தீட்டி, கடைசி வரிசையினர்க்கும் தெரியுமாறு அவர் தோன்றினார். தொலைவுக்கென எழுதிய அம்முகத்தைப் பிறந்தநாள் விருந்தென்று வீட்டுக்கூடத்துக்குள் அழைத்து வந்து, இரண்டடி தொலைவில் குழந்தைக்கு நேரே குனியச் செய்தால் அது அலறாமல் என்ன செய்யும்?

தமிழகத்து ஸ்பெஷல் நாடகத்தை ஆராய்ந்து 2005இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலார் சூசன் சைசர், பபூனின் தனிப்பேச்சை விரிவாக ஆய்ந்துள்ளார். தகாத செய்தியைக் கூறும்போது பபூன் அதனைத் தாமே நேரடியாகச் சபைக்குக் கூறாமல், பக்கவாத்தியக்காரரிடம் பேசுவதுபோல் திருப்பியும், பிறர் கூற்றாக மாற்றியும் தமக்கும் அச்சொல்லுக்கும் இடையே தொலைவை உண்டாக்கிக்கொள்கிறார் என்பது அவர் கருத்து. வேடம் வேறு, தாம் வேறு என்பதைப் பபூன் நொடிக்கு நொடி உணர்த்திக்கொண்டே இருக்கிறார் எனலாம். எள்ளல் என்பது பிறரை எள்ளுவதோடு, தான் பிறரால் எள்ளப்படும்போது தானே நகுதலையும் குறிக்கும் எனப் பேராசிரியர் உரைப்பர். பபூன் முதலில் தம்மையே எள்ளலுக்கு ஒப்படைக்கிறார். அதன் பின்னரே ஊராரை எள்ளும் உரிமையைப் பெறுகிறார்.

இத்துணைக்குப் பின்னும் அழும் பிள்ளைகள் உண்டு. அப்போது தாய் செய்வது ஒன்றே. “மாமாதான் சாமி, வேஷம் போட்டிருக்காரு” என்று முதுகைத் தடவுகிறாள். அவர் மாமாவும் அல்லர், முன்பின் அறிந்தவரும் அல்லர். எனினும் அம்முறைப்பெயர் அணங்கை ஆளாக்கிவிடுகிறது. நாடக விளம்பரத்தாளில் பபூனின் பெயரும் ஊரும் ஒளிப்படமும் அச்சிடப்படுவதும் இதே பணியைப் பெரியவர்களுக்குச் செய்கிறது.

இம்மரபில் வளர்ந்த தமிழர்க்கு, ஆளடையாளம் காட்டாத கோமாளியின் அச்சம் திரைப்படத்தின் வழியும் வந்தது. 1989இல் வெளிவந்த அபூர்வ சகோதரர்கள் படத்தில் சர்க்கஸ் கோமாளியான அப்பு தன் தந்தையைக் கொன்றவர்களைப் பழிதீர்க்கிறான். அவன் உள்ளத்தைக் கண்ட நமக்கு அவன் நகைக்கும் இரக்கத்துக்கும் உரியவன். அதனைக் காணாத பகைவர்க்கு அவன் எமன். அமெரிக்காவில் ஸ்டீபன் கிங் 1986இல் எழுதிய புதினத்தின் கோமாளிக்கு உள்ளம் என ஒன்று காட்டப்படவில்லை. அதனால் அவன் எல்லார்க்கும் அச்சமே.

இனி, மேடையை விட்டு இறங்கிய பபூனைப் பற்றியும் ஒரு சொல். நாடகக் கலைஞர்கள் சுமக்கும் இழிவே சைசருடைய நூலின் மையப்பொருள். ‘கூத்தாடி’ என்பது இன்றும் வசைச்சொல்லாகவே வழங்குகிறது. இரவெல்லாம் பபூனோடு சிரித்த ஊர், பொழுது விடிந்ததும் பூச்சைக் கழுவிய முகத்தோடு பேருந்துக்கு நிற்கும் அவரிடம் ஒரு சொல்லும் பேசாமல் விலகிச் செல்கிறது. முந்தானைக்குள் ஒளிந்த பிள்ளைதான் அவ்வேளையில் தாயின் கையை இழுத்து, “அந்த மாமா” என்று விரல்நீட்டிக் காட்டுகிறது.