காதில் தண்ணீர் புகுந்தால் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது?

பள்ளி விடுமுறை என்றால் கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளுக்கு இரண்டே இடம்தான். ஒன்று ஊர்க் கிணறு, இன்னொன்று கல்வராயன் மலை அருவி. பெரியார் அருவி, மேகம் அருவி எதில் குளித்துவிட்டு வந்தாலும், கிணற்றில் குதித்து ஆடிவிட்டு வந்தாலும், சாயங்காலம் வீட்டில் ஒரு புகார் வரும்: "அம்மா, காது கும்முனு இருக்கு. தலையை ஆட்டினா உள்ள களக் களக்குனு சத்தம் கேக்குது."

உடனே பெரியவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எண்ணெய் காய்ச்சி விடு என்பார் ஒருவர். காது நிறைய தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தால் எல்லாம் சேர்ந்து வந்துவிடும் என்பார் இன்னொருவர். இவற்றில் எது சரி, எது ஆபத்து என்று தெரிந்துகொள்வோம்.

தண்ணீர் எங்கே நிற்கிறது?

காதின் வெளித் துவாரத்திலிருந்து செவிப்பறை வரை உள்ள பாதை, பெரியவர்களுக்குச் சுமார் 2.5 செ.மீ. நீளம். அது நேர்க்குழாய் அல்ல, லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவில்தான் தண்ணீர் தங்குகிறது. செவிப்பறை ஓட்டையில்லாமல் நன்றாக இருந்தால், தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போகாது. "தண்ணி மூளைக்கு ஏறிடும்" என்று பயப்படத் தேவையில்லை.

காதில் இருக்கும் குறும்பியை நாம் அழுக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் அது காதின் காவல்காரன். அதில் உள்ள எண்ணெய்ப்பசை தோலைத் தண்ணீரில் ஊறவிடாது. அதன் லேசான அமிலத்தன்மை கிருமிகளை வளரவிடாது. குறும்பியைச் சுத்தமாகத் தோண்டி எடுத்துவிட்டுக் குளிக்கப் போகிறவர்களுக்குத்தான் தொற்று எளிதில் வருகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

1. எந்தக் காதில் தண்ணீர் இருக்கிறதோ, அந்தக் காது கீழே இருக்கும்படி தலையைச் சாயுங்கள். காது மடலை மேலேயும் பின்னாலேயும் மெதுவாக இழுங்கள். வளைந்த பாதை நேராகி, தண்ணீர் வழிந்துவிடும். சின்னக் குழந்தை என்றால் மடலைக் கீழேயும் பின்னாலேயும் இழுக்க வேண்டும்.

2. அதே பக்கம் ஒருக்களித்து, துண்டை விரித்து 10 நிமிடம் படுத்திருங்கள்.

3. கொட்டாவி விடுங்கள், எதையாவது மெல்லுங்கள். தாடை அசையும்போது காதுப் பாதையும் அசையும்.

4. உள்ளங்கையைக் குழித்து, சாய்த்த காதின் மேல் பொத்தி, மெதுவாக அழுத்தி அழுத்தி விடுங்கள். ஓங்கி அடிக்கக் கூடாது.

5. வெளிக்காதை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு மின்விசிறிக் காற்றில் உட்காருங்கள். ஹேர் டிரையர் இருந்தால், மிகக் குறைந்த சூட்டில், ஓர் அடி தள்ளிப் பிடித்துக் காட்டலாம்.

பெரும்பாலும் இவ்வளவே போதும். மிச்ச ஈரம் தானாகக் காய்ந்துவிடும்.

செய்யவே கூடாதவை

எண்ணெய்: காய்ச்சிய எண்ணெய் தோலைச் சுட்டுவிடும். ஆறிய எண்ணெயும் உள்ளே தங்கி ஈரத்தைக் காயவிடாது. இருட்டும் ஈரமும் சேர்ந்த இடம் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பூஞ்சை வந்தால் தாங்க முடியாத அரிப்பு வரும், காதும் அடைத்துக்கொள்ளும். தாய்ப்பால், பூண்டுச் சாறு, இலைச்சாறு எதையும் காதில் விடக் கூடாது.

பட்ஸ், ஹேர்பின், தீக்குச்சி, கோழி இறகு: காதுப் பாதையே 2.5 செ.மீ.தான். பட்ஸ் குச்சி அதைவிட மிக நீளம். கை கொஞ்சம் தவறினாலும் செவிப்பறையில் போய்க் குத்தும். குத்தாவிட்டாலும் குறும்பியை உள்ளே தள்ளி அடைக்கும், தோலைக் கீறிக் கிருமிக்கு வழி திறந்துவிடும்.

தண்ணீருக்கு மேல் தண்ணீர்: சிலருக்கு இது பலித்திருக்கலாம். ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருப்பவருக்கு அந்தத் தண்ணீர் நடுக்காதுக்குள் போய் சீழ் பிடிக்கும். ஓட்டை இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

வினிகரும் ஸ்பிரிட்டும் கலந்த சொட்டு பற்றி வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். ஸ்பிரிட் ஈரத்தை உலர்த்தும், வினிகரின் அமிலம் கிருமியைத் தடுக்கும். காரணம் சரிதான். ஆனாலும் செவிப்பறை நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே அதை நினைக்கலாம். வலியோ சீழோ இருக்கும் காதில் கூடவே கூடாது.

இது தண்ணீர்தானா?

இரண்டு நாளாகியும் காது அடைப்பு போகவில்லை என்றால், உள்ளே இருப்பது தண்ணீராக இல்லாமல் இருக்கலாம். சேர்ந்திருந்த குறும்பி தண்ணீரில் ஊறி உப்பி அடைத்திருக்கும். எவ்வளவு தலையை ஆட்டினாலும் அது வராது. மருத்துவர் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்.

தொற்றா என்று அறிய எளிய வழி உண்டு. காது ஓட்டைக்கு முன்னால் சின்னதாகத் துருத்தியிருக்கும் குருத்தை அழுத்துங்கள், மடலை இழுத்துப் பாருங்கள். வலி கூடினால் காதுப் பாதையில் தொற்று வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கீழ்க்கண்டவை இருந்தால் காத்திருக்க வேண்டாம்:

- கடும் வலி, காய்ச்சல், காதைச் சுற்றி வீக்கம்
- சீழ், இரத்தம் அல்லது நாற்றம்
- தலைசுற்றல், திடீரெனக் கேட்கும் திறன் குறைவது
- கிணற்றில் குதித்தபோது காது தண்ணீரில் 'பளார்' என்று அடிபட்டு வலிப்பது (செவிப்பறை கிழிந்திருக்கலாம்)
- சர்க்கரை நோயாளிக்குக் காதுவலி (தொற்று எலும்பு வரை பரவும் ஆபத்து உண்டு)

எங்கே போவது?

முதலில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம். காது மூக்கு தொண்டை நிபுணர் பார்க்க வேண்டும் என்றால், சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போகலாம். ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108 எண்ணை அழையுங்கள். அறுவை சிகிச்சை தேவை என்று சொன்னால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அது வருமா என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. நடமாடும் மருத்துவக் குழு பிள்ளைகளின் காதையும் பரிசோதிக்கிறது. குழு வரும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறாதீர்கள்.

"சின்ன வயசுல எல்லாருக்கும் காது ஒழுகும், வளர்ந்தா சரியாயிடும்" என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது தவறு. ஒழுகும் காதைக் கவனிக்காமல் விட்டால் கேட்கும் திறன் போகும். வகுப்பில் சரியாகக் கேட்காத பிள்ளையைத்தான் பல நேரம் 'மந்தம்' என்று சொல்லிவிடுகிறோம்.

காது ஒழுகும் பிள்ளை, சளி பிடித்திருக்கும் பிள்ளை இருவரும் கிணற்றில் குதிக்கவோ மூழ்கவோ வேண்டாம். மற்றவர்கள் தாராளமாகக் குளிக்கட்டும். கரையேறியதும் தலையை இரண்டு பக்கமும் சாய்த்து, காதைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வரப் பழக்குங்கள்.