காலைத் தோட்டம்

பணி ஓய்வு பெற்ற முதல் சில வாரங்கள் விடுமுறை போல இனிக்கும். அதன் பிறகுதான் காலைப்பொழுது நீளத் தொடங்கும். எங்கும் விரைய வேண்டியதில்லை. தாமதமானால் ஏன் என்று கேட்பாரும் இல்லை. சிங்கப்பூரில் முதியோர் பலருடைய காலைப்பொழுதுக்கு வேலை தந்தது, புளோக் அருகிலுள்ள சமூகத் தோட்டம்.

தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டில் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று தீவெங்கும் இத்தகைய தோட்டங்களைக் காணலாம். கங்கோங் கீரை, விதைத்த ஒரு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். வெண்டைக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். கறிவேப்பிலையோ நம் பொறுமையைச் சோதிக்கும். நீர் ஊற்றினால் மட்டும் போதாது. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும். அதனால், வாளிகளைக் கூடக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். குனிந்து நிமிர முடியாதவர்களுக்காகச் சில தோட்டங்களில் உயரமான பாத்திகள் உண்டு. சக்கர நாற்காலியில் வருபவரும் அங்கே களை எடுக்கலாம்.

விளைச்சல் என்னவோ சிறிதுதான். அந்தக் கீரையைச் சந்தையில் சில வெள்ளிக்கு வாங்கிவிடலாம். ஆனால், இரண்டு நாள் தோட்டத்துக்கு ஒருவர் வராவிட்டால், மூன்றாம் நாள் மற்றொருவர் மின்தூக்கியில் ஏறிச் சென்று, அவருடைய பாத்தியில் பறித்த வெண்டைக்காய்களோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்.