12 கிரெடிட்டில் எதைப் படிப்பது?

புற்றுநோய் மரபியலில் பிஎச்.டி. சேரும் மாணவர்கள் கோர்ஸ்வொர்க் பட்டியலோடு என்னிடம் வந்தால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எம்.எஸ்ஸி.யில் எதைப் படிக்காமல் விட்டீர்கள்?"

யுஜிசியின் 2022 விதிப்படி குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும். ஆய்வு முறையியலும் ஆய்வு நெறிமுறையும் கட்டாயம். அவை போக, நாமே தேர்ந்தெடுக்கச் சில பாடங்களுக்குத்தான் இடமிருக்கும். அதிலும் பலர் புற்றுநோய் உயிரியலையே மறுபடி எடுக்கிறார்கள். செல் சுழற்சியும் ஆன்கோஜீனும் லேபில் வேலை செய்து, ஜர்னல் கிளப்பில் பேசப் பேசத் தானாகப் படிந்துவிடும். புள்ளியியல் அப்படி வராது. உட்கார்ந்து கணக்குப் போட்டே பழக வேண்டும்.

நான் படித்தவற்றில் இன்றுவரை கைகொடுப்பது உயிர்ப்புள்ளியியல்தான். கட்டித் திசுவையும் இயல்பான திசுவையும் ஒப்பிட்டு, சுமார் 20,000 மரபணுக்களின் வெளிப்பாட்டை அளக்கிறோம் என்று வையுங்கள். உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும், 0.05 என்ற பி-மதிப்பு வரம்பில் ஏறக்குறைய 1,000 மரபணுக்கள் 'மாறிவிட்டன' என்று வந்து நிற்கும். இதைத் திருத்தும் வழியை பெஞ்சமினியும் ஹாக்பெர்க்கும் 1995இல் தந்தார்கள். அது தெரியாதவர் இல்லாத மாற்றத்தைத் துரத்தி ஆண்டுகளை இழப்பார். ஆர் மொழியில் தன் தரவைத் தானே அலசத் தெரிந்தால், கணினிப் பிரிவு நண்பருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றே கணக்கில் பிறந்ததுதான். ஆல்ஃபிரட் நட்சன் 1971இல் விழித்திரைப் புற்றுநோய் கண்ட 48 குழந்தைகளின் விவரங்களை எடுத்து, எந்த வயதில் நோய் தெரிந்தது, ஒரு கண்ணிலா இரு கண்ணிலா என்று பார்த்தார். பரம்பரையாக வருவதற்கு, பிறவியிலேயே உள்ள பிறழ்வுக்கு மேல் இன்னும் ஒன்று போதும், மற்றதற்கு இரண்டு வேண்டும் என்று சொன்னார். அந்தப் பிறழ்வுகள் நிகழும் ஆர்பி1 மரபணு பிரித்தெடுக்கப்பட்டது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1986இல். வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

அடுத்தது, பாப்புலேஷன் ஜெனடிக்ஸ். "இது எனக்கு எதற்கு?" என்று கேட்பார்கள். கட்டிக்குள் செல்கள் பிறழ்ந்து, போட்டியிட்டு, வலுவான கிளை மட்டும் பரவுகிறது என்று பீட்டர் நோவெல் 1976இலேயே எழுதினார். மருந்துக்குக் கட்டுப்பட்ட கட்டி ஏன் திரும்பி வருகிறது என்பதும் இந்தத் தேர்வின் கதைதான். இயற்கைத் தேர்வையும் தற்செயல் நகர்வையும் கணக்காகப் படித்தவருக்கு அது சட்டெனப் பிடிபடும்.

பேதாலஜியில் ஒரு சிறு பாடமாவது எடுங்கள். கிரெடிட் கிடைக்காவிட்டாலும் வகுப்பில் போய் உட்காருங்கள். நாம் டிஎன்ஏ எடுக்கும் துண்டில் கட்டிச் செல் எவ்வளவு, இயல்பான செல் எவ்வளவு என்று ஸ்லைடைப் பார்த்துச் சொல்லத் தெரியாமல், பிறழ்வின் அளவைப் பற்றிப் பேச முடியாது.

லேப் வேலை கெடும் என்று கைடு தயங்கலாம். சேர்ந்த முதல் வாரமே, உங்கள் ஆய்வுக் கேள்வியின் எந்தப் பகுதிக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போய்ப் பேசுங்கள். முதல் செமஸ்டரிலேயே புள்ளியியலை முடித்துவிட்டால், எத்தனை மாதிரிகள் சேர்க்க வேண்டும் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே கணக்கிட்டுவிடலாம்.