பழைய மோட்டார் வண்டியும் புதிய குளிர்சாதனமும்

மொழியிலே பழஞ்சொற்கள் சில வழக்கொழிதலும் புதுச்சொற்கள் சில வந்து சேர்தலும் குற்றமாகா என்பது நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் கொள்கை. சொல்லுக்கு இயைந்த இந்நீதி பொருளுக்கும் இயையுமோ என்று ஆராயப் புகுவார்க்கு ஓர் ஐயம் எழும். பழையதொன்றை முற்றும் கழியாமலும், புதியதொன்றை முற்றும் விலக்காமலும், இரண்டையும் ஓரிடத்து ஒருங்கே இருத்தல் கூடுமோ? கூடுமாயின், எவ்விதிகளின்படி கூடும்? இவ்வினாவிற்கு விடை காணும்பொருட்டு, நம் நாட்டார் யாவரும் நன்கறிந்த அம்பாஸடர் மோட்டார் வண்டியையும், இக்காலத்தார் அதன்கண் பொருத்த விரும்பும் ஏ.சி. என்னும் குளிர்சாதனத்தையும் எடுத்துக்கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1942-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார், இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையை அடியொற்றி, வங்காளத்து உத்தரபாராவில் அம்பாஸடரைச் செய்யத் தொடங்கினர். 1950-களின் இறுதியில் தொடங்கிய அவ்வேலை 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றது. ஏறத்தாழ அரை நூற்றாண்டிற்கு மேலாக அமைச்சரும் ஆட்சியரும் மருத்துவரும் வணிகரும் வாடகைக்கு ஓட்டுவோரும் ஒருங்கே ஏறிய வண்டி அது. திருப்பூருக்கு மேற்கே, நொய்யலாற்றை அடுத்துள்ள எம் மங்கலத்திலும், விசைத்தறி ஓசை ஓயாத அதன் சுற்றுப்புறங்களிலும், தறிப் பட்டறை வைத்திருந்தோர் பலர்க்கு அதுவே முதல் வண்டி. பெண்ணழைப்புக்குச் சென்றதும் அதுவே. நள்ளிரவில் நோயாளியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டு சென்றதும் அதுவே.

இன்று அவ்வண்டிகளின் நிலை யாது? சில வீட்டுக் கொட்டகைகளில் இன்னும் நிற்கின்றன. ஆயினும் சித்திரை வைகாசி மாதங்களில் முதியோரும் குழந்தைகளும் அவற்றில் ஏற அஞ்சுகின்றனர், அஞ்சுவதும் நியாயமே. மூடிய வண்டியின் வெப்பம் முதியோர்க்கும் குழந்தைகட்கும் தீங்கு செய்ய வல்லது. ஏறுவாரில்லாத வண்டி ஓடாது. ஓடாத வண்டி துருவேறும். துருவேறிய வண்டி பழைய இரும்புக் கடையில் எடை போட்டு விற்கப்படும். ஆதலின், குளிர்சாதனம் பொருத்துவதா வேண்டாவா என்னும் வினா வெறும் ஆடம்பரத்தைப் பற்றியதன்று. பல வண்டிகளுக்கு அது வாழ்வா சாவா என்னும் வினாவேயாம்.

குளிர்சாதனத்தின் வரலாறு நெசவுத்தொழில் நாட்டாராகிய நமக்கு மகிழ்ச்சி தரத்தக்கது. 1902-இல் வில்லிஸ் காரியர் என்னும் அமெரிக்கப் பொறியாளர், புரூக்ளின் நகரத்து அச்சகமொன்றில் ஈரக்காற்றால் காகிதம் நீண்டும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமற் போவதைத் தடுப்பதற்காகவே தம் கருவியை வகுத்தார். மனிதர் உடற்சுகம் அவர் முதல் நோக்கமன்று. 1906-இல் ஸ்டூவர்ட் கிராமர் என்பார், பஞ்சாலைகளில் நூல் அறுபடாதிருக்கக் காற்றின் ஈரத்தைச் செம்மை செய்யும் முறைக்கு இட்ட பெயரே, இன்று உலகெங்கும் ஏ.சி. என்று சுருக்கி வழங்கப்படுகின்றது. காற்று உலர்ந்தால் நூல் அறும் என்பதை நூற்பாலைத் தொழிலாளர் யாவரும் அறிவர். எனவே, இச்சாதனத்தின் பெயர் பிறந்த இடம் மாளிகையன்று, ஆலையே.

மோட்டார் வண்டியில் இதனை முதன்முதற் பொருத்தி விற்றவர் அமெரிக்க நாட்டுப் பாக்கார்டு கம்பெனியார். 1940-ஆம் ஆண்டு மாதிரியாக அவ்வண்டிகள் வெளிவந்தன. குளிர்விக்கும் பகுதி வண்டியின் பின்புறப் பெட்டியில் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டது. குளிர் வேண்டாவெனில், என்ஜினை நிறுத்தி, இறங்கி, பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. 1954-இல் நாஷ் கம்பெனியார் எல்லா உறுப்புகளையும் சுருக்கி வண்டியின் முன்புறத்திலேயே அடக்கினர். அம்முறையே இன்றளவும் நிலைத்தது.

இனி, அது தொழிற்படும் வகையைக் காண்பாம். மண்பானையில் நீர் குளிர்வதேன்? பானையின் நுண்டுளை வழியே கசியும் நீர் ஆவியாகுங்கால், அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையினின்றே கவர்கின்றது. வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தலும் இக்காரணம் பற்றியே. ஏ.சி.யிலும் இஃதே நிகழ்கின்றது; ஆனால் ஈண்டு ஆவியாவது நீரன்று, கேஸ் என்று பட்டறையார் வழங்கும் ஒரு பொருள். ஆர்-134ஏ எனப்படும் அப்பொருள் சாதாரணக் காற்றழுத்தத்தில் சுழியத்திற்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதிக்கும். டேஷ்போர்டின் கீழுள்ள கூலிங் காயிலில் அது ஆவியாகி, வண்டியினுள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்கின்றது. அவ்வாவியைக் கம்ப்ரஸர் இழுத்து, நெருக்கிச் சூடேற்றுகின்றது. சூடேறிய ஆவி, ரேடியேட்டருக்கு முன்னுள்ள கண்டென்ஸரில் வெளிக்காற்றுக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்து நீர்மமாகின்றது. பின்னர் வடிகட்டி உலர்த்தும் குப்பி வழியே சென்று, விரிவு வால்வின் சிறு துளையில் அழுத்தம் குறைந்து, மீண்டும் காயிலை அடைகின்றது. இங்ஙனம் ஒரே பொருள் ஓயாது சுழன்று, உள்வெப்பத்தைச் சுமந்து வெளியே கொட்டுகின்றது. குளிர்சாதனம் குளிரைச் செய்வதன்று. வெப்பத்தை இடம் பெயர்ப்பது என்பதை மாணவர் மனத்திற் கொள்க.

இச்சாதனத்தைப் பழைய வண்டியில் வைக்கும்பொழுது, அவ்வண்டியின் இயல்பு நான்கு வகையால் தடை செய்கின்றது.

முதலாவது, வண்டியின் உடல். அம்பாஸடரின் கூரை அகன்ற இரும்புத் தகடு. வெயிலில் அடுப்பின்மேலிட்ட தோசைக்கல் போலாகும். என்ஜின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையேயுள்ள தகட்டில் பல துளைகள்; கதவுகளின் ரப்பர் பட்டைகளோ நாட்பட்டு இறுகிப் பிளந்திருக்கும். ஆதலின், கருவி வாங்குமுன் கூரையின் உள்ளும் தரையின் மேலும் வெப்பந் தடுக்கும் விரிப்பிட்டு, துளைகளை அடைத்து, ரப்பரைப் புதுப்பித்தல் வேண்டும். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்ப முயல்வாரை ஒப்பர் இதனைச் செய்யாதார்.

இரண்டாவது, ரேடியேட்டர். வண்டியினுள்ளிருந்து எடுத்த வெப்பத்தைக் கண்டென்ஸர் தனக்குப் பின்னுள்ள ரேடியேட்டரின் மீதே வீசுகின்றது. பழைய வண்டியின் விசிறி என்ஜினோடு பிணைக்கப்பட்டிருத்தலின், நெரிசலில் வண்டி நிற்கும்பொழுது மெதுவாகச் சுழலும். குளிர் மிக வேண்டிய அவ்வேளையிலேயே காற்று மிகக் குறையும், என்ஜின் கொதிக்கும். ஆகவே ரேடியேட்டரைக் கழற்றி உள்ளடைப்பு நீக்கி, மின்விசிறி ஒன்றையும் கூட்டல் இன்றியமையாதது.

மூன்றாவது, மின்சாரம். முற்காலத்து வண்டிகளில் டைனமோவே மின்னூட்டியது. அதன் உச்ச வலிமை 20 ஆம்பியரை அடுத்தே நிற்கும். என்ஜின் மெதுவாகச் சுழலும்பொழுதோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. உள்விசிறி, கண்டென்ஸர் விசிறி, கம்ப்ரஸரின் காந்தக் கிளட்ச் ஆகிய மூன்றுமே அவ்வளவையும் உண்டுவிடும். முகப்பு விளக்குக்கு மிஞ்சுவது யாது? டைனமோவை மாற்றாமலே ஏ.சி. பொருத்திய வண்டியொன்றைப் பட்டறையொன்றில் யாம் கண்டோம். பகலெல்லாம் குளிர்ந்த அது, அந்தி மயங்கி விளக்கேற்றியபின் பேட்டரி வற்றி வழியில் நின்றுவிட்டதாம். ஏழு பேர் தள்ளி அதனைப் பட்டறையிற் சேர்த்தனர். ஆதலின் ஆல்டர்னேட்டர் பொருத்துதல் வேண்டும். அக்காலத்துப் பிரித்தானிய மாதிரி வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். புதிய கருவிகளோ எதிர்முனையை உடலோடு இணைப்பன. இதனை ஆராயாமற் பூட்டினால் ஆல்டர்னேட்டர் நொடியில் கெடும்.

நான்காவது, என்ஜினின் வலிமை. 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் என்ஜின் தருவது ஏறத்தாழ 50 குதிரைத்திறன். அதனினின்றும் மூன்று நான்கு குதிரைத்திறனைக் கம்ப்ரஸர் கேட்கும். ஓடும்போது இதனை வண்டி பொறுக்கும். நிற்கும்போது பொறாது, நடுங்கி அணையும். ஏ.சி. தொழிற்படும்பொழுது மட்டும் கார்புரேட்டரைச் சிறிது திறக்கும் கருவி ஒன்றைச் சேர்த்தால் இக்குறை தீரும்.

பழைய ஆடையில் கோடித் துணியை ஒட்டுப் போட்டால், ஒட்டு சுருங்கி ஆடையை மேலும் கிழிக்கும் என்னும் உவமை வேதாகமத்தில் வருகின்றது. சுருக்கம் போக்காத பின்னலாடைத் துணி எவ்வளவு இழுக்கும் என்பதைத் திருப்பூரார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேற்கூறிய நான்கையும் செப்பனிடாது ஏ.சி.யை மட்டும் பூட்டுதல் அக்கோடித் துண்டே. பழையதன் தளர்ச்சியைப் புதியதன் இழுப்பு வெளிப்படுத்திவிடும்.

உறுப்புகளைப் பூட்டியபின் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அவசரத்தால் பலர் அதனை விடுகின்றனர். குழாய்களில் நைட்ரஜன் ஏற்றிக் கசிவு தேடி, பின்னர் வேக்குவம் பம்பினால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் முற்றும் இழுத்துவிடல் வேண்டும். எஞ்சிய ஈரம் விரிவு வால்வில் உறைந்து வழியை அடைக்கும். கேஸோடும் எண்ணெயோடும் கூடி அமிலமாகி உலோகத்தை அரிக்கும். கூலிங் காயிலில் வடியும் நீருக்கு வெளியே செல்லக் குழாய் வைத்தலையும் மறத்தலாகாது. மறந்தால் அந்நீர் தரைவிரிப்பின் கீழ்த் தேங்கி, வண்டியைக் காக்க வந்த சாதனமே அதன் அடித்தகட்டைத் துருவுக்கு இரையாக்கும்.

கேஸைப் பற்றியும் ஒரு சொல். முன்னர் வழங்கிய ஆர்-12 என்பது வானத்து ஓசோன் படலத்தை அழிப்பதென்று தெளிந்து, 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கையால் உலக நாடுகள் அதனைப் படிப்படியாக விலக்கின. அதன் பின் வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாது. ஆயினும் பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவினும் ஆயிரம் மடங்கிற்கு மேற்பட்டது. 2016-இல் வகுத்த கிகாலித் திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டமையால், இத்தகைய கேஸ்களும் காலப்போக்கில் குறைக்கப்படும். எனவே கசியும் வண்டியில் ஆண்டுதோறும் கேஸ் நிரப்பிக்கொண்டிருத்தல் பொருட்கேடு மட்டுமன்று, பொதுக்கேடுமாம். ஆர்-12-க்கு அமைந்த பழைய ஏ.சி.யில், எண்ணெயையும் உலர்த்தும் குப்பியையும் மாற்றாமல் ஆர்-134ஏ நிரப்பலும் ஆகாது. பழைய தாது எண்ணெய் அதனோடு கலவாமையின் கம்ப்ரஸர் எண்ணெயின்றித் தேய்ந்துபோம்.

இவ்வளவும் செய்தால் வண்டியின் பழமை கெடாதோ என்பார் சிலர். அவர் கூற்றைத் தள்ளிவிடல் முறையன்று. 2021-இல் நடுவணரசு வகுத்த விதியின்படி, 50 ஆண்டைக் கடந்ததும், சட்டமும் உடற்கூடும் என்ஜினும் பெருமாற்றம் பெறாததுமான வண்டியே தொன்மை வண்டியாகப் பதியத்தக்கது. தகட்டை அறுத்தும் டேஷ்போர்டை வெட்டியும் பொருத்துவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். கோயம்புத்தூரில் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தை ஒருமுறை காண்பார்க்கு, கெடாத பழமைக்குள்ள மதிப்பு தானே விளங்கும்.

ஈண்டு நமக்கு வழிகாட்ட வல்லவர் உ. வே. சாமிநாதையர். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த அப்பெரியார், தம் காலத்தார்க்கு விளங்கவேண்டிய குறிப்புகளையும் பாட வேறுபாடுகளையும் அடியிலே தந்தார். மூலத்தைத் தம் விருப்பப்படி திருத்தினாரல்லர். மோட்டார் வண்டிக்கும் அந்நெறியே பொருந்தும். தனித் தாங்கி அமைத்து, முன்னமேயுள்ள துளைகளில் திருகாணி பூட்டி, கழற்றிய டைனமோவையும் பழைய உறுப்புகளையும் எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்தி வைத்தால், பின்வருவோர் விரும்பும் நாளில் வண்டியை முன்னிருந்தவாறே ஆக்கிக்கொள்வர். அவ்வாறு செய்த ஏ.சி. மூலத்திற்கு எழுதிய குறிப்புரை. வெட்டிச் சிதைத்துச் செய்தது மூலத்தில் நுழைத்த இடைச்செருகல்.

ஆகவே, ஐம்பதாண்டு கடந்து உருக்குலையாமல் நிற்கும் அரிய வண்டியாயின் அதனை உள்ளவாறே காத்து, காலையிலும் மாலையிலும் ஓட்டுக. நாள்தோறும் ஓடி உழைக்க வேண்டிய வண்டியாயின், உடலும் ரேடியேட்டரும் மின்சாரமும் என்ஜினும் முறையே செப்பனிட்டு, மீளக் கழற்றத்தக்க வகையில் ஏ.சி. பொருத்துக. பழையதன் வலிமையை அளந்தறிந்து புதியதை ஏற்றுதல் அறிவுடைமை. அளவாது ஏற்றுதல் இரண்டையும் இழத்தற்கே ஏதுவாகும். வண்டிக்குச் சொன்ன இவ்விதியை, பழைய வீட்டையும் பழைய தறியையும் பழைய நூலையும் கையாளும் நாம் யாவரும் நம் தொழிலிலும் நினைவிற் கொள்வோமாக.