வாசல் காவலர்



எருசலேமின் அலங்கம் 52 நாட்களில் கட்டி முடிந்தது. அத்தோடு வேலை தீர்ந்தது என்று நெகேமியா இருந்துவிடவில்லை. கதவுகளை அமைத்துக் காவலாளரை ஏற்படுத்தினார். வெயில் ஏறுமுன் வாசலைத் திறக்கலாகாது என்றும் கட்டளையிட்டார் (நெகேமியா 6, 7 அதிகாரங்கள்). நமது மருத்துவமனையின் கம்ப்யூட்டர் இணைப்புகளைப் புதுப்பிக்கவும், கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தவும் நீங்கள் அனுப்பிய காணிக்கைகளுக்காக ஸ்தோத்திரம் செலுத்தும் இவ்வேளையில், அந்த 7-ம் அதிகாரமே எங்கள் நினைவுக்கு வருகிறது.

கேமரா என்றால் சுவரில் மாட்டிய ஒரு கண் என்றே எண்ணியிருந்தோம். உண்மையில் அது ஒரு சிறிய கம்ப்யூட்டர். 2016-ல் ‘மிராய்’ என்ற தீய நிரல், கம்பெனி வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களைத் தேடிப் பிடித்தது. அவ்வருடம் அக்டோபர் 21 அன்று, இப்படிப் பிடிபட்ட கருவிகளைக் கொண்டே ட்விட்டர் உட்படப் பல இணையதளங்களை முடக்கினார்கள். காவலுக்கு வைத்தது கள்ளனுக்குக் கையாளாயிற்று!

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டன. ஏறக்குறைய இரண்டு வாரம் புறநோயாளர் பதிவு, பரிசோதனை முடிவு எல்லாம் கையால் எழுத நேர்ந்தது. நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது.

ஆகவே இங்கே கேமராக்களுக்கு ஓர் இணைப்பு, நோயாளிகளின் பதிவுகளுக்கு வேறோர் இணைப்பு. பெட்டியைப் பிரித்த அன்றே கடவுச்சொற்களை மாற்றினோம். பதிவுகளின் நகலொன்று எந்த இணைப்பிலும் சேராமல் பூட்டிய அலமாரியில் இருக்கிறது.

மருந்துக் கிடங்கு, பணம் கட்டுமிடம், பிரதான வாசல் ஆகிய இடங்களில் கேமராக்கள் உண்டு. வார்டுகளுக்குள் இல்லை. ஆலோசனை அறையின் வாசலிலும் ஒன்று வைக்க வரைபடத்தில் குறித்திருந்தார்கள். அதற்கு மட்டும் நாங்கள் இணங்கவில்லை. யார் அழுதுகொண்டு அந்தக் கதவைத் திறந்தார்கள் என்பதை ஓர் இயந்திரம் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. “ஐயருக்கு அப்படி என்ன இரகசியம்?” என்று கமிட்டியில் ஒரு சகோதரர் கேட்டார். இரகசியம் எங்களுடையதல்லவே.

இரவுக் காவலர் இருவரையும் நிறுத்தவில்லை. கீழே விழுந்த நோயாளியைக் கேமரா பார்க்கும், தூக்கிவிடாது.

ஒன்று சொல்லத் தயங்குகிறோம், ஆனாலும் சொல்லவேண்டும். கேமராவுக்குக் கொடுத்தவரின் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். வருடந்தோறும் புதுப்பிக்கும் மென்பொருளுக்கும், வாரந்தோறும் எடுக்கும் நகலுக்கும் கல் பதிக்க இடமில்லை. அடுத்த காணிக்கையை அனுப்பும்போது, தாளின் ஓரத்தில் ‘பராமரிப்புக்கு’ என்று எழுதி அனுப்புங்கள்.